ஆறாம் வகுப்புத் தமிழ்: பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை, ஒரே சத்தம், என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ஆறாம் வகுப்புக்குத் தமிழ், 36 பிள்ளைகள். பாதிப் பேர் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள், சிலருக்கு எழுத்தே சரியாகத் தெரியவில்லை. சனி ஞாயிறு உட்கார்ந்து சார்ட் செய்து சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொழிப்பாடத்துக்கு என்னென்ன பொருள்கள் செய்யலாம், வகுப்பை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது என்று இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் அது ஒரே கேள்விதான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் இருப்பதை வாசிக்க முடியாமல் 40 நிமிடம் உட்கார்ந்திருக்கும் பையன் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டாமல் வேறு என்ன செய்வான்? சத்தத்தை அடக்கத் தனியாக ஒரு வித்தை இருக்கிறது என்று நினைத்தால் அது கிடைக்காது. எல்லோர் கையிலும் அவரவரால் செய்யக்கூடிய வேலை இருந்தால் முக்கால்வாசிச் சத்தம் தானாகக் குறையும், மிச்சக் கால்வாசிக்குச் சில பழக்கங்கள் போதும். அதனால் முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், பழக்கங்களுக்குப் பிறகு வருகிறேன்.

புதிய சார்ட் எதுவும் செய்யாதீர்கள். அதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். இதற்குப் பெரிய தேர்வெல்லாம் தேவையில்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்க நடத்திவரும் ஏசர் ஆய்வில் ஒரு தாளை வைத்துத்தான் பார்க்கிறார்கள்: சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நாலு வரியில் ஒரு சின்னப் பத்தி, அப்புறம் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. நீங்களே ஒரு தாளில் அப்படி எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு படம் வரையக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் பெஞ்சைப் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஒரு வாரத் தமிழ்ப் பாடவேளைக்குள் 36 பேரையும் முடித்துவிடலாம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாத பிள்ளை அதற்குள் மனப்பாடமாகச் சொல்லிச் சமாளிக்கக் கற்றிருக்கும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள்.

கேட்கும்போது சரி, தப்பு என்று மட்டும் குறிக்காமல் எங்கே தடுக்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் சிக்கியிருப்பார்கள். க, ங, ச எல்லாம் தெரியும், ஆனால் கெ, கே, கை என்று வந்தால் எந்தக் கொம்பு எது என்று குழப்பம். கொ, கோ வந்தால் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பார்த்து ‘கெ... கா’ என்பார்கள். உகர ஊகார எழுத்துகளில் து, நு தெரிந்த பிள்ளைக்கு ணு, னு தெரியாது. இன்னொரு கூட்டம் எழுத்தெல்லாம் சரியாகச் சொல்லும், ப, ட், ட, ம் என்று நாலையும் சொல்லிவிட்டு, ‘சரி, என்ன சொல்?’ என்று கேட்டால் முழிக்கும். இந்த மூன்று பேருக்கும் ‘இவனுக்கு வாசிக்க வராது’ என்று ஒரே முத்திரை குத்துவதில் பயனில்லை, மூவருக்கும் வேறு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்துக்கொள்வது தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குப் பழக்கமான ஒன்று. அதே யோசனைதான் இங்கேயும், ஆனால் ஆறாம் வகுப்பில் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அரும்பு என்றால் என்ன அர்த்தம் என்று நன்றாகவே தெரியும், வீட்டுக்குப் போகும் வழியில் கேலி தொடங்கிவிடும். பிரிவு உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். குழுக்களுக்கு ஆறு, மலை, ஊர் என்று ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் சில வேலைகளுக்குக் கலந்தும் உட்கார வையுங்கள்.

இனி பொருள்கள். சுவரில் ஒட்டியதை யாரும் பார்க்காததற்குக் காரணம் எளிது, அதைத் தொட முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலைப் (பாடத்தைப் படிப்படியான அட்டைகளாகப் பிரித்து, பிள்ளை தானே எடுத்துக் கற்கும் முறை) பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஏணிப்படியும் அட்டையும் கடைசியில் பதிவேடு நிரப்புகிற வேலையாகிப்போன பள்ளிகளும் உண்டு. ஆனால் அதில் ஒரு விஷயம் பிரமாதம்: பிள்ளை தரையில் உட்கார்ந்து தானே அட்டையை எடுத்தது, தன் உயரத்தில் இருந்த கரும்பலகையில் தானே எழுதியது, எழுதி வரைந்ததைத் தலைக்கு மேலே கட்டியிருந்த கம்பிப் பந்தலில் தொங்கவிட்டது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில் பழைய அட்டைகள் ஸ்டோர் ரூமில் கட்டிக் கிடக்கவும் கூடும், புதிதாகச் செய்வதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

புதிதாகச் செய்வதென்றால் சார்ட் பேப்பருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரே வாரத்தில் ஒரு பை நிறைய வந்து சேரும். கெட்டி அட்டை, பின்பக்கம் பெரும்பாலும் காலி. அதை வெட்டி எழுத்து அட்டை செய்யலாம், ஆனால் 247 எழுத்துக்கும் அட்டை போட உட்காராதீர்கள். 18 அகர உயிர்மெய்க்கு (க, ங, ச என்று போகும் வரிசை) ஆளுக்கு ஓர் அட்டை, அதோடு துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சின்ன அட்டை. புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை. ‘ப’ அட்டைமேல் கொட்டையை வைத்தால் ப், எடுத்தால் ப, பின்னால் காலை வைத்தால் பா, முன்னால் கொம்பை வைத்தால் பெ, கொம்பும் காலும் சேர்த்தால் பொ. கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்தாலும் ஒலி பின்னால்தான் வருகிறது என்பதைப் பத்து முறை வாயால் விளக்குவதைவிட, பிள்ளை தன் கையால் இரண்டு முறை நகர்த்திப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும்.

இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் இப்படிப் பிரியாது, எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குத் தனி அட்டைதான் வேண்டும். இதில் கி, கீ வரிசை பெரிய தொல்லை இல்லை, உகரம்தான் தொல்லை. அதை வரிசையாகச் சொல்லிக்கொடுக்காமல் உருவத்தை வைத்துப் பிரித்துக்கொடுங்கள்: சு, பு, வு, யு ஒரு குடும்பம், கீழே ஒரு கோடு இறங்கும். டு, மு, ரு, ழு, ளு இன்னொரு குடும்பம். து, நு, ணு, லு, னு, று மூன்றாவது. கு மட்டும் தனியாள். அட்டைகளைக் கலைத்துப் போட்டு, குடும்பம் குடும்பமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இதை ஆறாம் வகுப்பில் போய் நடத்துவதா என்று கூச்சப்பட வேண்டாம். தேவைப்படும் எட்டுப் பத்துப் பேருக்குத்தான் நடத்தப்போகிறீர்கள், அதுவும் விளையாட்டு வேகத்தில்.

ப, ட், ட, ம் என்று உடைத்துச் சொல்லி நின்றுவிடும் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை இனி வேண்டாம், அவர்கள் அதைத் தாண்டியாகிவிட்டது. ஒரு சொல்லில் ஓரிரு எழுத்து மட்டும் மாறுகிற சங்கிலிகள் கொடுங்கள்: பட்டம், வட்டம், சட்டம், கட்டம், கட்டு, பட்டு, பாட்டு, கூட்டு. முதல் சொல்லைத் தட்டுத் தடுமாறி வாசித்தாலும் மூன்றாவது சொல்லுக்குள் வேகம் வந்துவிடும். தினம் ஒரு சங்கிலி, கரும்பலகையின் ஓரத்தில். சொற்களைப் பிள்ளைகளே சேர்த்துக்கொண்டு போகட்டும், நடுவில் அர்த்தமில்லாத சொல் வந்தால் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடித்துவிடலாம்.

ஒரு பக்கப் பேச்சு. பழைய பத்திரிகை, தாத்தா வீட்டுப் புத்தகம் என்று வரும்போது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, னை, றா, ணா, னா வடிவங்கள் கண்ணில் படும், தும்பிக்கை போட்ட லை பார்த்துப் பிள்ளைகள் ‘இது என்ன மிஸ்’ என்பார்கள். இதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். நன்றாக வாசிக்கும் கூட்டத்துக்கு அதைத் துப்பறிகிற வேலையாகக் கொடுத்துவிடலாம், பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது.

பத்திரிகையின் முன்பக்கமும் பாடம்தான். கல்யாணம் எந்தக் கிழமை, எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, ‘இவண்’ என்று கீழே போட்டிருப்பவர்கள் யார், மணமகளுக்கு மணமகனின் தங்கை என்ன முறை? இப்படி ஆறு கேள்வி எழுதிக் கையில் கொடுத்தால் பாடநூல் கேள்விக்கு வாயே திறக்காத பிள்ளையும் தேடிப் பதில் எழுதும். அப்புறம் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஓர் அழைப்பிதழ் எழுதச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: நம் ஊர்ப் பத்திரிகைகளில் சாதிப் பெயரும் கட்சிக்காரர் படமும் இல்லாமல் வருவது அபூர்வம். வகுப்புக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை பார்த்து, அப்படிப்பட்டவற்றை எழுத்து அட்டை வெட்ட ஒதுக்கிவிடுங்கள்.

இதேபோல் தினசரி காலண்டரில் கிழித்த தாள், மளிகைச் சிட்டை, பஸ்ஸில் கொடுத்த டிக்கெட், மருந்துக்கடைக் கவர், திருவிழா நோட்டீஸ், விதைப் பாக்கெட் உறை எல்லாம் வரும். காலண்டர் தாளில் தேதி, கிழமை, நல்ல நேரம், ராசிபலன் என்று சின்னச் சின்னச் சொற்கள்தான், வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு மிரட்டல் இல்லாத அளவு. ராசிபலனில் ஒரே சொல்லில் ‘வரவு’, ‘ஜெயம்’, ‘அலைச்சல்’ என்று போட்டிருப்பதை வாசித்து, இன்று யாருக்கு என்ன என்று அறிவிக்கும் வேலையை உங்கள் வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்குக் கொடுங்கள். சோதிடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாராவது முகம் சுளித்தால் பழமொழி போட்ட காலண்டருக்கு மாறிக்கொள்ளுங்கள், வேலை அதேதான்.

பிழை திருத்தத்துக்கு வருவோம், நீங்கள் அதிகம் புலம்பியிருப்பது அதைப் பற்றித்தான். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பத்துக்குச் சொல்வதெழுதுதல் வைத்து, தப்பைப் பத்து முறை எழுதவைப்பது நம் ஊர் மரபு. அதனால் கை வலிக்கும், வேறு எதுவும் நடக்காது. ல, ள, ழ மூன்றுக்கும் காதும் வாயும் பழக வேண்டும், ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்’, ‘கடலோரம் உரல் உருளுது’ மாதிரி நாக்குச் சுழற்சிகளைத் தினம் இரண்டு நிமிடம் போட்டி வைத்தாலே போதும், வகுப்பும் கலகலப்பாக இருக்கும். ஆனால் ந, ன, ண குழப்பத்துக்குக் காது உதவாது, கண்தான் வேண்டும். இங்கே இன எழுத்துகள் கைகொடுக்கும்: ட வந்தால் அதற்கு முன்னால் ண்தான் (வண்டி, நண்டு), த வந்தால் ந்தான் (பந்து, சந்தை), ற வந்தால் ன்தான் (கன்று, நன்றி). பிள்ளைகளிடம் இதை விதியாகச் சொல்லாமல், ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து ‘ட-வுக்கு முன்னால் வேறு மூக்கெழுத்து வந்த சொல் ஒன்றைக் கண்டுபிடித்தால் பரிசு’ என்று சொல்லுங்கள். சிலர் ஆங்கிலப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு வந்து வாதாடுவார்கள், வாதாடட்டும். அந்த வாதத்தில்தான் விதி மண்டையில் ஏறுகிறது.

ர், ற் விஷயமும் அப்படித்தான். ர் இரட்டிக்காது, ற் இரட்டிக்கும்: காற்று, நேற்று, வெற்றி. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் புள்ளியோடு வராது. ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கட்ச்சி’ என்று எழுதுவது பிள்ளைகள் மட்டுமல்ல, தெருவில் தொங்கும் பிளெக்ஸ் பேனரைப் போய்ப் பாருங்கள். அதையே பாடமாக்கலாம். பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த பேனர், சுவர் விளம்பரம், கடைப் பலகை இவற்றில் இருந்த பிழையை எழுதிவந்து வகுப்பில் ஒட்ட வேண்டும், திருத்தமும் காரணமும் பக்கத்தில் எழுத வேண்டும். பெரியவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற ஆனந்தம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்த ஸ்டிக்கரும் ஸ்டாரும் கிடையாது.

சொல்வதெழுதுதலை விடவே மனமில்லை என்றால் அதை ஓட்டப் போட்டியாக மாற்றுங்கள். நாலைந்து வரியுள்ள ஒரு பத்தியைப் பெரிதாக எழுதி, நாலு பிரதி எடுத்து, வகுப்புக்கு வெளியே வராந்தாச் சுவரில் தள்ளித் தள்ளி ஒட்டிவிடுங்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை வாசித்து மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும், பாதியில் இருவரும் மாற வேண்டும். எந்த ‘ன’ என்று எழுதுபவர் கேட்பார், ஓடினவருக்கு நினைவிருக்காது, மறுபடி ஓடிப்போய்ப் பார்ப்பார். நீங்கள் நூறு தடவை ‘கவனி, கவனி’ என்று சொல்லி வராத கவனம் அந்த இரண்டாவது ஓட்டத்தில் வந்துவிடும். சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள். கத்திச் சொன்னால் அடுத்த ஜோடிக்கும் கேட்டுவிடும் என்பதால் பிள்ளைகளே பாதி நேரம் கிசுகிசுப்பார்கள் என்பது தனிக் கதை.

பாடநூலை வகுப்பில் வாசிக்கிற முறை ஒன்றை உடனே நிறுத்தலாம். ஒருவன் எழுந்து ஒரு பத்தி வாசிக்க, மற்ற 35 பேர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. வாசிப்பவனுக்கு அவமானம், மற்றவர்களுக்குத் தூக்கம், குறும்பு தொடங்குவதும் அப்போதுதான். அதற்குப் பதில் நீங்கள் முதலில் நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு முழுதாக வாசித்துவிடுங்கள். பிறகு நீங்கள் ஒரு வரி, வகுப்பு முழுக்க ஒரு வரி. பிறகு ஜோடி ஜோடியாக மெல்லிய குரலில். எழுத்து தெரியாத பிள்ளையும் கதையைக் காதால் கேட்டாகிவிட்டது, வாய்மொழிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். வாசிக்கத் தெரியாததால் பாடத்திலிருந்தே அவனை ஒதுக்கிவைப்பதுதான் பெரிய அநியாயம்.

எழுத்து ஓரளவு வந்த பிள்ளைகளுக்குப் பாடநூலைவிடச் சின்னப் புத்தகங்கள் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்தவை நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரித்தே இருக்கின்றன, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, படம். ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்களும் பள்ளிக்கு வருபவைதான். இவை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால், கிழிந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணமாக இருக்கும். தலைமையாசிரியரிடம் பேசி வெளியே எடுங்கள், ஒரு கயிறு கட்டி க்ளிப் மாட்டித் தொங்கவிடுங்கள், கொடுக்கல் வாங்கல் நோட்டை ஒரு பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். சில கிழியும். படித்துக் கிழிந்த புத்தகத்துக்காக எந்த அதிகாரியிடமும் தைரியமாகப் பேசலாம்.

எழுதுவதற்குப் பாடநூல் கட்டுரைத் தலைப்பில் தொடங்காதீர்கள். காலையில் ஒரு பிள்ளையை ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். ‘நேத்து எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு நிக்கவே இல்ல’ என்று சொன்னால் அதை அப்படியே, திருத்தாமல், கரும்பலகையில் எழுதுங்கள். எல்லோரும் வாசிக்கட்டும், அது அவர்கள் பேச்சு, அதனால் எளிதாக வாசிப்பார்கள். பிறகு அதன் கீழே எழுத்து நடையில் எப்படி வரும் என்று வகுப்பையே கேளுங்கள்: ‘நேற்று எங்கள் ஆடு இரண்டு குட்டிகள் போட்டது, ஒன்று நிற்கவே இல்லை.’ பேச்சுத் தமிழ் தப்பு என்று ஒருநாளும் சொல்ல வேண்டாம், அது வீட்டுக்கு, இது நோட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசுகிற பிள்ளைகள் இருந்தால் இந்த வேலை அவர்களுக்கு இன்னும் தேவை. ஒரு மாதத்தில் இப்படி எழுதியவற்றைச் சேர்த்துத் தைத்தால் வகுப்புக்கென்று ஒரு வாசிப்புப் புத்தகம் ஆகிவிடும்.

வாக்கிய அமைப்புக்கு ஒரே ஒரு விளையாட்டு சொல்லிவிட்டு நகர்கிறேன். ‘அம்மா’, ‘சந்தையில்’, ‘கத்தரிக்காய்’, ‘வாங்கினாள்’ என்று நாலு அட்டை, நாலு பிள்ளைகள் வரிசையாக நிற்கட்டும். முதல் மூவரும் எப்படி இடம் மாறி நின்றாலும் வாக்கியம் விழாது, அழுத்தம்தான் மாறும், வினை கடைசியில் நிற்கிறது. இப்போது ‘அம்மா’வை உட்காரவைத்து ‘தம்பி’யை நிறுத்துங்கள், ‘வாங்கினாள்’ அட்டைக்காரி தானாக நெளிவாள். எழுவாய், பயனிலை என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இனி வகுப்பை நடத்துகிற பழக்கங்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், கேட்கவே மாட்டார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, ஒரு ஜோடியை எல்லோர் முன்னாலும் செய்துகாட்டச் சொல்லி, கடைசியில் அட்டையைக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஸ்வீட் பாக்ஸ், மூடியில் உள்ளே எத்தனை அட்டை என்று எழுதியிருக்கட்டும், முடிந்ததும் எண்ணி வைப்பது குழுவின் பொறுப்பு. இதைச் செய்யாமல் விட்டால் ஒரு மாதத்தில் ‘ப’ எல்லாம் காணாமல் போயிருக்கும்.

நீங்கள் உள்ளே நுழையும்போது கரும்பலகையில் சின்ன வேலை ஒன்று தயாராக இருக்கட்டும். ஒரு விடுகதை, ஒரு சொல்லிலிருந்து எத்தனை சொல் பிறக்கும் என்ற புதிர், ஏதோ ஒன்று. வருகைப் பதிவும் எமிஸும் (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை) உங்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் வகுப்பு கைவிட்டுப் போகிறது. அமைதிக்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள், கையை உயர்த்துவதோ ஒரு கைத்தட்டல் தாளமோ, எதுவானாலும் ஒன்றே ஒன்று. ‘சைலன்ஸ்’ என்று நீங்கள் கத்தினால் அதுவும் ஒரு சத்தம்தான்.

கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள், அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னது, வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும். கூடவே ராஜா மந்திரி விளையாட்டுச் சீட்டு மாதிரி எல்லோர் பெயரையும் சீட்டெழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். கை தூக்குகிற அதே ஐந்து பேர் மட்டும் வகுப்பை நடத்துவது நிற்கும்.

வகுப்புத் தலைவனைவிட்டு ‘பேசியவர்கள்’ என்று போர்டில் பெயர் எழுதவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து ஒழித்துவிடுங்கள். தலைவனுக்குப் பிடிக்காதவர்கள் பட்டியல்தான் அது, பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏறிக்கொண்டே போகும், லஞ்சமாகக் கடலை மிட்டாய் கைமாறும். கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்காரவைப்பதும் அப்படித்தான், மொழி வகுப்பில் வாயைப் பொத்தினால் அப்புறம் என்ன வகுப்பு? அடி, முட்டி போடுதல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. ‘மக்கு’ என்று கூப்பிடுவதும் இரண்டாவதில் வரும்.

தொடர்ந்து தொல்லை கொடுக்கும் ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் எந்த நேரத்தில் தொல்லை செய்கிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எழுத்து வேலை கொடுத்த நேரத்தில் மட்டும் என்றால் அது ஒழுங்குப் பிரச்சினை அல்ல, வாசிப்புப் பிரச்சினை. எல்லா நேரமும் என்றால் வேறு ஏதோ இருக்கிறது, பசி, வீடு, காது சரியாகக் கேட்காதது, கண் சரியாகத் தெரியாதது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வருடக்கணக்கில் குறும்பு என்று திட்டிக்கொண்டிருப்பது நடக்கிற விஷயம்தான். மருத்துவ முகாம் வரும்போது அவன் பெயரை முதலில் கொடுங்கள்.

ஒரு பாடவேளையை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்டு வேலை ஐந்து நிமிடம், எல்லோருக்கும் சேர்த்துப் பாடநூல் ஒரு கால் மணி நேரம், அதில் நீங்கள் வாசிப்பதும் வாய்மொழிப் பேச்சும்தான் அதிகம். அடுத்த கால் மணி குழு வேலை: நன்றாக வாசிப்பவர்கள் பாடக் கேள்வியோ பேனர்ப் பிழையோ எழுதட்டும், நடுக்கூட்டம் ஜோடி வாசிப்பு, எழுத்தில் நிற்பவர்களோடு நீங்கள் தரையில் உட்காருங்கள். கடைசியில் இரண்டு பேர் தாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டட்டும். இதைத் தினமும் செய்ய முடியாது, வாரத்தில் மூன்று நாள் நடந்தாலே பெரிய விஷயம். சத்துணவுக்குப் பிந்தைய பாடவேளை உங்களுடையது என்றால் அன்று இலக்கணத்தைத் தொடாதீர்கள், ஓட்டச் சொல்வதெழுதுதலை அங்கே போடுங்கள்.

‘போர்ஷன் முடியாதே’ என்ற கவலை நியாயம்தான். முதல் பருவத்தில் கொஞ்சம் பின்தங்குவீர்கள், செய்யுளை மனப்பாடப் பகுதி அளவோடு சுருக்கிக்கொள்ளலாம், துணைப்பாடத்தை முழுக்கக் கதை சொல்லலாகவே முடித்துவிடலாம். பார்வைக்கு வருகிறவர் கேட்டால் அந்த முதல் வாரத்துத் தாளையும், இரண்டு மாதம் கழித்து அதே தாளை வைத்துக் கேட்டு எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். எந்தப் பிள்ளை எழுத்திலிருந்து சொல்லுக்கு நகர்ந்தது என்று பெயரோடு இருக்கும்போது போர்ஷனைப் பற்றி அவர் ரொம்ப நேரம் பேச முடியாது.

ஸ்மார்ட் போர்டு பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இருந்தால் படம் காட்டவும், பாட்டுப் போடவும், பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடு காணொளியைத் திறக்கவும் பயன்படுத்துங்கள், நல்லதுதான். ஆனால் 36 பேருக்கு அது ஒரு சுவர், அதுவும் கரண்ட் இருந்தால். வாசிக்க வராத அந்த எட்டுப் பத்துப் பேருக்கு அட்டையும் புளியங்கொட்டையுமே போதும்.